ஹர்ட் என்ற சொல்லும் எங்கள் வீட்டுக் கிடாவும்

ஆங்கிலத்தில் நான் அதிகமுறை நடத்திய சொற்களில் ஒன்று ஹர்ட். உத்திரமேரூரில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மற்ற ஆசிரியைகள் தட்டிக் கழித்த கீழ் வகுப்புகள் எல்லாம் என் தலையில் விழுந்தன. பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லைப் பிடிக்கும். நேற்று நடந்ததற்கும் இன்று நடப்பதற்கும் உருவம் மாறாது, மனப்பாடம் செய்கிற வேலை மிச்சம். பொருள் கேட்டால் காயம் என்பார்கள், அடி என்பார்கள், கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி "நோவு டீச்சர்" என்பாள். மூன்றும் சரிதான். வாக்கியம் எழுதச் சொன்னால் எல்லாருடைய நோட்டிலும் கல் தடுக்கிக் கால் நோகும். யாரோ ஒருவர் இன்னொருவரை நோகடித்ததாக எந்தப் பிள்ளையும் எழுதியதில்லை. நானும் அப்படி எழுதச் சொல்லிக் கொடுத்ததில்லை.

இப்போது அது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. போன மாதம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் போனில் "நான் ரொம்ப ஹர்ட் ஆயிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காது கொடுத்துக் கேட்டதில், யாரோ பிறந்தநாள் வாழ்த்து சொல்ல மறந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பிறந்த ஊரில் உடம்புக்கு வந்தால் நோவு, மனசுக்கு வந்தால் "மனசு நொந்து பூட்ச்சி" என்பதோடு சரி, அதற்குமேல் பேச்சு கிடையாது. போலீஸ் ஸ்டேஷனில் மட்டும் ஹர்ட் என்று எழுதுவார்கள். எலும்பு முறிந்தாலோ பல் போனாலோ அது கிரீவஸ் ஹர்ட், கொடுங்காயம். ஆனால் சட்டத்துக்கு, காயப்படுத்தியவர் என்று ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்கு அங்கே வேலை இல்லை.

அந்தச் சொல்லின் பிறப்பு எனக்குத் தெரியவந்தது ஒரு மதியம், பாடம் இல்லாத நேரத்தில். தலைமை ஆசிரியை அறையில் தூசு படிந்த பெரிய அகராதி ஒன்று இருந்தது. சொற்கள் எந்த மொழியிலிருந்து வந்தன என்பதையும் அதில் போட்டிருப்பார்கள். வேறு எதையோ தேடிப் புரட்டியவள் ஹர்ட்டில் நின்றேன். பழைய பிரெஞ்சில் முட்டுவது, மோதுவது என்று பொருள்பட்ட ஒரு வினையிலிருந்து வந்ததாம். அதற்கும் பின்னால் போனால் ஆட்டுக்கிடாவைக் குறித்த ஒரு சொல்லில் போய் முடியலாம் என்று, ஒரு 'ஒருவேளை' சேர்த்து எழுதியிருந்தார்கள். கிடா தலையைத் தாழ்த்தி ஓடிவந்து முட்டுவதுதான் முதலில். காயம், நோவு, மனவருத்தம் எல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை.

கெடுதலுக்கு உள்ள மற்ற சொற்களையும் புரட்டினேன். டேமேஜ் நஷ்டத்திலிருந்து வந்திருக்கிறது, இன்ஜுரி நியாயம் இல்லாததிலிருந்து வந்திருக்கிறது. அவற்றைப் படித்துவிட்டு மூடி வைத்திருக்கலாம். ஆனால் பக்கம் தானாகத் திரும்பியதுபோல மறுபடியும் ஹர்ட்டுக்கே வந்தேன். அகராதிக்காரர்களுக்கு வேண்டுமானால் அது ஒருவேளை. நான் அந்தக் கிடாவைப் பார்த்திருக்கிறேன். என் உயிருக்காக விடப்பட்ட கிடா அது.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் இருக்கிறது. ஏரித் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். எங்களுக்குச் சொந்த நிலம் இருந்தது. என் அப்பாவை நான் நைனா என்று கூப்பிடுவேன். அவர் ஏர் பிடிக்கமாட்டாரே தவிர, பொழுது விடிந்து அடங்கும்வரை வரப்பில்தான் நிற்பார். நான் ஒரே பிள்ளை. ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பெரியம்மை போட்டது. வாசலில் வேப்பங்கொத்து செருகினார்கள், வாழை இலையில் படுக்க வைத்தார்கள். கண் ஒட்டிக்கொண்டு திறக்க வராது. எங்கள் தெருவிலேயே அந்த வெயில் காலத்தில் பிள்ளைகள் போனார்கள். ஒப்பாரிச் சத்தத்தை வைத்தே எந்த வீடு என்று அம்மா கண்டுபிடித்துவிடுவாள், எனக்குத்தான் சொல்லமாட்டாள்.

ஈரப் புடவையோடு அம்மன் கோயிலுக்குப் போய் அம்மா வேண்டிக்கொண்டாள். "எம் பொண்ண எனக்கு வுட்டுடு தாயே, உனக்கு கெடா வுடறேன்." நான் பிழைத்தேன். முகம் முழுக்கத் தழும்போடு பிழைத்தேன்.

சாலவாக்கம் பக்கத்திலிருந்து ஒரு குட்டிக் கிடாவை வாங்கி வந்து, நெற்றியில் மஞ்சள் பூசி, காது நுனியைக் கொஞ்சம் நறுக்கி, கோயில் முன்னால் விட்டார்கள். இப்படி நேர்ந்து விட்ட கிடாவை ஊரில் யாரும் கட்டிப்போடக் கூடாது, கல்லெடுத்து எறியக் கூடாது, விற்கக் கூடாது. அது யார் கொல்லையில் மேய்ந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துபோகும்வரை காத்திருக்க வேண்டும். ஆடி மாதத் திருவிழாவில் அம்மனுக்கு வெட்டும்வரை அது அம்மனுடைய பிள்ளை.

அந்த வருஷம் ஆடித் திருவிழா நடக்கவில்லை. எந்தத் தெருக்காரர்கள் முதலில் கரகம் எடுப்பது என்பதில் தகராறு வந்து கோயிலையே பூட்டிவிட்டார்கள். இல்லாவிட்டால் குட்டியாகவே போயிருக்க வேண்டிய கிடா, இன்னொரு வருஷம் ஊரார் பயிரைத் தின்று வளர்ந்தது. கொம்பு சுருண்டு, கழுத்து தடித்து, தெருவில் நடந்தால் நாய்கள் ஒதுங்கும்.

ஊர் முழுக்கச் சுற்றினாலும் சாயங்காலம் எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு வந்துவிடும். காரணம் நைனா. என்னைப் பிழைக்க வைத்த கிடா என்று அதன்மேல் அவருக்கு உயிர். குட்டியாக இருந்தபோதே அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்து லேசாகத் தள்ளுவார். அது பின்வாங்கி, தலையைத் தாழ்த்தி, ஓடிவந்து கையில் முட்டும். நைனா விழுவதுபோல நடிப்பார். நோயில் கிடந்து எழுந்த நான் சிரிக்கவேண்டும் என்பதற்காகத் தொடங்கிய விளையாட்டு அது. நானும் சிரித்தேன். அது வளர வளர நைனா கையை மட்டும் தூரத்தில் நீட்டிக் காட்டினால் போதும், கொட்டகையின் அந்தக் கோடியிலிருந்து பாய்ந்து வரும். "யப்பா, இன்னா பலம் பாரு" என்று உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே சந்தோஷப்படுவார்.

எங்கள் நிலத்துக்கு நடவு ஆட்களை அழைத்து வருபவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். வாய்க்காலைத் தாண்டி, ஊருக்கு வெளியே இருந்த சேரித் தெரு அவருடையது. எங்கள் வீட்டுப் படி ஏறமாட்டார், தண்ணீர் கேட்டால் அம்மா உயரத்திலிருந்து ஊற்ற, கையேந்திக் குடிப்பார். அவர் என்று இப்போது எழுதுகிறேன். அந்நாளில் அது என் வாயில் வந்ததில்லை. என் அம்மா வயதுள்ள அவரை நான் வா, போ என்றுதான் பேசினேன், எங்கள் தெருவில் கைக்குழந்தைகளும் அப்படித்தான் பேசின. சேற்றில் இறங்கி நட ஆரம்பித்தால் மற்ற பெண்கள் அவர் வேகத்துக்கு ஓடவேண்டியிருக்கும். வாயும் அதே வேகம். நைனாவையே வரப்பில் நிற்க வைத்து, "ஆண்டே, நாத்து முத்திப் போச்சி, நேத்தே கூப்ட்டிருக்கணும்" என்று கடிந்துகொள்வார். நைனா சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்வார்.

மழை பெய்து ஏரியில் தண்ணீர் வந்து நடவு நடந்த ஒரு காலை. அந்தப் பெண் தலையில் நாற்றுக் கட்டோடு வரப்பில் வந்துகொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் நின்ற நைனா, "அந்த மூலையில போடு" என்று கையை நீட்டிக் காட்டினார். கோயில் பக்கமிருந்து அதே வரப்பில் கிடா வந்துகொண்டிருந்ததை நைனா பார்க்கவில்லை. அது பார்த்துவிட்டது. நீட்டிய உள்ளங்கையைப் பார்த்தால் என்ன செய்யவேண்டும் என்று அதற்குத் தெரியும். தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தது. அதற்கும் நைனாவின் கைக்கும் நடுவில் அந்தப் பெண் இருந்தார்.

தொடை எலும்பு முறிந்துவிட்டது. எங்கள் வண்டியில் போட்டு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே செங்கல்பட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவ்வளவு தூரம் போய்த் தங்கி யார் பார்த்துக்கொள்வது என்று அவருடைய ஆட்கள் திருப்பிக் கொண்டுவந்து நாட்டுக்கட்டு போட்டார்கள். மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் வைத்துக் கட்டிய கட்டு. இனி அவரால் சேற்றில் குனிந்து நிற்க முடியுமா என்பதுதான் அவர் வீட்டுக் கவலை. ஊரின் கவலை வேறாக இருந்தது. முட்டியது அம்மனின் கிடா. அப்படியென்றால் அம்மன் எதற்காக அவரை முட்டினாள் என்று ஊர் கேட்டது. இப்படி ஒரு கேள்வி உலகத்தில் வேறு எங்காவது எழுந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் அது மிக இயல்பாக எழுந்தது. விசாரிப்பதற்குக் கோயிலில் ஊர்க்கூட்டம் என்று நாள் குறித்தார்கள்.

கூட்டத்துக்கு முந்தின மத்தியானம் நான் கொட்டகையை ஒட்டிய அறையில் படித்துக்கொண்டிருந்தேன். கொட்டகையில் நைனாவும் அம்மாவும் பேசுவது கேட்டது.

"நான் போயி சொல்லிட்றேன்" என்றார் நைனா. "நான் பழக்கி வுட்டது தான் அது. நான் கைய நீட்டனேன், அது ஓடியாந்துச்சி. அவ மேல ஒரு குத்தமும் இல்ல."

"சொல்லு" என்றாள் அம்மா. "அம்மனுக்கு வுட்ட கெடாவ வெளையாட்டு காட்டி கெடுத்து வெச்சிக்கினு கீறேன்னு சொல்லு. அப்பறம் அந்தத் தாயி இன்னாத்துக்கு நம்ம பொண்ண வுட்டு வெக்கணும்? சொல்லிட்டு வந்து நீயே பொண்ணுக்கு பாட கட்டு."



"அவளுக்கும் புள்ள குட்டி கீது" என்றார் நைனா.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தான் கீது."

நான் புத்தகத்தை மூடிவிட்டு முகத்தைத் தடவிப் பார்த்தேன். தழும்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அம்மை எப்படிப் பரவுகிறது, அதற்கு ஏன் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியவள்தான் நான். அந்த மார்க் அப்போது எதற்கும் உதவவில்லை. நைனா சொல்லிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எனக்குச் சாக விருப்பமில்லை. அவ்வளவுதான் என் நியாயம்.

மறுநாள் கோயில் வேப்பமரத்தடியில் ஊர் கூடியது. அவரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்து, கோயிலுக்கு அருகில் வரக் கூடாது என்பதால், தள்ளிப் புளியமரத்துப் பக்கம் இறக்கினார்கள். பூசாரிக்கு அருள் வந்தது. தீட்டோடு ஒருத்தி கோயில் எல்லையை மிதித்துவிட்டாள், அதற்குத்தான் தாய் அடித்தாள் என்று ஆடிக்கொண்டே சொன்னார். ஊர்ப் பெரியவர் ஒருவர் அங்கிருந்தே குரலெடுத்து, "இன்னா சொல்ற, மிதிச்சியா?" என்று கேட்டார்.

கட்டிலில் கிடந்தவர் தலையை மட்டும் தூக்கினார். கூட்டத்தில் தேடி நைனாவைப் பார்த்தார். நைனா கீழே மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவோடு பெண்கள் பக்கம் நின்றிருந்தேன். அம்மாவின் கை என் மணிக்கட்டில் இருந்தது, இறுக்கமாக. வாய்க்கு அஞ்சாத அந்தப் பெண் இப்போது சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். நைனாவின் கையை அவர் பார்த்திருக்கமாட்டாரா?

"மிதிச்சிருப்பேன்" என்றார். "எம்மேல தான் குத்தம்."

அம்மனுக்கு அவர் புதுப் புடவை சாத்திப் பொங்கல் வைக்கவேண்டும், அதுவரை அவர்கள் வீட்டாரை யாரும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்று தீர்ப்பானது. கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் உண்மையிலேயே அப்படி நம்புகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

அடுத்த ஆடியில் தகராறு தீர்ந்து திருவிழா நடந்தது. கிடாவைக் குளிப்பாட்டி மாலை போட்டு நிறுத்தினார்கள். வெட்டுவதற்கு முன்னால் அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். உதறாமல் வெட்டக் கூடாது. எங்கள் கிடா உதறவில்லை. ஒரு குடம் ஊற்றினார்கள், இன்னொரு குடம் ஊற்றினார்கள், அது சும்மா நின்றது. கூட்டம் கிசுகிசுத்தது. வேண்டுதலில் ஏதோ குறை என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

நைனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். தடவிக் கொடுக்கத்தான் வைத்தாரா, தெரியாது. கிடா உடனே பின்னங்கால்களை ஊன்றி, தலையைத் தாழ்த்தி, அவர் கையை முட்டித் தள்ளியது. கொட்டகையில் தினம் செய்ததைத்தான் ஊர் நடுவில் செய்தது. முட்டி முடித்துத் தலையைத் தூக்கியபோது உடம்பெல்லாம் சிலிர்த்து உதறியது.

மேளம் ஒரு நொடி நின்றுபோயிருந்தது. அங்கே நின்ற எல்லாருக்கும் கண் இருந்தது. வரப்பில் என்ன நடந்திருக்கும் என்று புரிந்துகொள்ள அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தேவையில்லை. பூசாரி "உத்தரவு குடுத்துட்டா" என்று கத்தினார், மேளம் பிடித்துக்கொண்டது, கத்தி இறங்கியது. அன்றைக்கும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. புடவை சாத்தியவருக்கு அந்தப் புடவையை யாரும் திருப்பித் தரவில்லை.

கறியில் ஒரு பங்கை அம்மா அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். நைனா அன்று சாப்பிடவில்லை, பிறகு ஆட்டுக்கறியையே தொடவில்லை. எந்த மாட்டையும் நாயையும் தட்டிக் கொடுத்துக்கூட நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு அறுப்புக்கும் களத்திலிருந்து முதலில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குத்தான் நெல் போகும். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதுமட்டும் நைனாவால் முடியவில்லை. நான் ஆசிரியைப் பயிற்சியில் இருந்தபோது அவர் காலமானார். அம்மா அந்தக் கிடாவைப் பற்றி வாயே திறந்ததில்லை.

அந்தப் பெண்ணுக்கு எலும்பு கூடியது, ஆனால் ஒரு கால் குட்டையாகிவிட்டது. சேற்றில் நிற்க முடியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது, எங்கள் பள்ளி வாசலிலேயே கூடையில் வேகவைத்த வேர்க்கடலை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். தினமும் காலையில் அவரைக் கடந்துதான் நான் உள்ளே போகவேண்டும். வெயில் இல்லாத நாளிலும் குடையை விரித்து அவர் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போவேன். என் வகுப்புப் பிள்ளைகள் அவரிடம் கடலை வாங்கித் தின்றுவிட்டு, உப்புக் கையோடு ஹர்ட், ஹர்ட், ஹர்ட் என்று ஒப்பிப்பார்கள்.

அகராதியில் அந்தச் சொல்லின் பிறப்பைப் பார்த்த அன்று சாயங்காலம் குடையை விரிக்கவில்லை. பிள்ளைகள் எல்லாம் போகும்வரை காத்திருந்து, அவர் கூடைக்குப் பக்கத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்தேன்.

"நல்லா கீறீங்களா?" என்றேன்.

அவர் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். "யார கேக்கற?"

"உங்கள தான்."

"டீச்சர் வேலைக்கு வந்தா அப்படி தான் பேசணும்னு சட்டம் போட்டு கீறாங்களா, பாப்பா?" என்று சிரித்தார். பல் ஒன்றிரண்டு போயிருந்தது. வாய் போகவில்லை.

எப்படிச் சுற்றிவளைத்துக் கேட்பது என்று மதியம் முழுக்க யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. நேராகவே கேட்டேன். "அன்னிக்கு கோயிலாண்ட உங்க மேல தான் குத்தம்னு ஏன் சொன்னீங்க? நைனா கைய நீட்டனத நீங்க பாக்கலையா?"

அவர் கடலைமேல் மூடியிருந்த ஈரத் துணியைச் சரிசெய்தார்.

"பாக்காம? நடவுக்கு வந்த பொம்பளைங்க அத்தினி பேருக்கும் தெரியும். சாயங்காலத்துல ஆண்டே அத்தோட வெளையாடறத கொட்டாயாண்ட எத்தினி நாள் நின்னு பாத்துகீறோம். சொல்லணும்னு தான் இருந்தேன். கட்டில்ல படுத்துக்கினு, இன்ன வார்த்த சொல்லணும், இப்படி சொல்லணும்னு சேத்து வெச்சிக்கினு இருந்தேன்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"கூட்டத்தன்னிக்கு விடியக்காலம் உங்கம்மா வந்துச்சி."

"எங்க?"

"எங்க தெருவுக்கு. உங்க வூட்டு பொம்பளைங்க வாய்க்கால தாண்டி வந்து நான் பாத்ததே இல்ல. தெருவே எழுந்து நின்னு பாக்குது. வந்து என் கட்டிலு கால்மாட்டுல நின்னுச்சி. ஏதோ சொல்லப் போவுதுன்னு பாக்கறேன். தலைய தாழ்த்தி என் கால்ல வெச்சிடுச்சி. கட்டு போட்ட கால்ல."

அவர் தொடர்ந்தார். குரலில் கோபம் இருந்தது, நேற்று நடந்ததைச் சொல்கிற கோபம்.

"நோவுல உசுரு போவுது. கால எடுக்கவும் முடியல, தலைய எடுன்னு சொல்லவும் முடியல. உங்கம்மா என் கால்ல வுழுந்தா நான் இன்னா பண்றது, சொல்லு. அடிச்சிருந்தா திட்டியிருப்பேன். துட்ட குடுத்திருந்தா மூஞ்சில வுட்டெறிஞ்சிருப்பேன். கால்ல வுழுந்தா? 'எம் பொண்ணு, எம் பொண்ணு'ன்னு அது ஒண்ணு தான் சொல்லுது. ஊருக்கார அம்மா வுழுந்தும் இவ மனசு எறங்கலையேன்னு எங்காளுங்களே என்ன காறித் துப்பியிருப்பாங்க. சேத்து வெச்ச வார்த்த எல்லாம் அப்பவே பூட்ச்சி."

வாசலில் ஒரு பஸ் நின்று புறப்பட்டது. அவர் தூசுக்குக் கூடையை மூடி, திறந்தார்.

"கறி அனுப்புச்சே உங்கம்மா, அத தின்னேன். வேணாம்னு எங்கூட்டுக்காரன் சொன்னான். என்ன முட்டன கெடா, நான் தின்னாம யாரு தின்னறது? காரமா கொழம்பு வெச்சி தின்னேன்." மறுபடியும் சிரித்தார். "உம்மேல ஒண்ணும் இல்ல, பாப்பா. நீ பொழைச்சிக்கின. மூஞ்சில தான் கொஞ்சம் தழும்பு கீது."

தொட்டுப் பார்க்கவில்லை, ஆனால் என் முகத்தில் ஒவ்வொரு தழும்பும் எனக்குத் தெரிந்தது. நைனா வாயைத் திறக்காதது எனக்காக. அம்மா வாய்க்காலைத் தாண்டியது எனக்காக. இவர் நடவை விட்டு இந்தத் தூசியில் உட்கார்ந்திருப்பது எனக்காக. இத்தனை பேர் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய உயிரை வைத்துக்கொண்டு நான் குடையைச் சாய்த்துப் பிடித்து நடந்திருக்கிறேன். அவமானத்தில் உட்கார முடியவில்லை. கல்லிலிருந்து சறுக்கி மண்ணில் மண்டியிட்டேன். அவருடைய குட்டையான கால் புடவைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை, எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்ததில்லை. அதன்மேல் தலையை வைக்கக் குனிந்தேன்.

அவர் இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்து வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார். கூடை சாய்ந்து கடலை மண்ணில் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை.

"வேணாம் பாப்பா" என்றார். "தலைய தூக்கு. உங்க வூட்டாளுங்க தலைய தாழ்த்தனாலே எனக்கு பயமா கீது."